குண்டு என்னும் சொல்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, எட்டாம் வகுப்புப் பெண்களை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்துவரும் நாளில் என் கண் முதலில் போவது அவர்களுடைய தோள்களுக்குத்தான். ஆறாம் வகுப்பில் மணி அடித்ததும் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்த அதே பிள்ளைகள், இரண்டே ஆண்டுகளில் தோள்கள் முன்னால் வளைந்து, இரு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி மறைந்தபடி வந்து நிற்பார்கள். நிமிர்ந்து நில்லுங்கள் என்று சொன்னால் நிமிர்வார்கள். நான் விசிலை எடுக்கத் திரும்பும் நேரத்துக்குள் மறுபடியும் கூனிவிடுவார்கள். எலும்பிலோ தசையிலோ எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளின் உடம்பில் இந்தக் கூன் எங்கிருந்து வந்து ஏறியது என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்கு முன்னால், நான் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, இதே மாவட்டத்தில் நடந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க முனைந்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் அந்த ஓரிரு ஆண்டுகளில் சைக்கிள் ஏறினார்கள். என் அம்மாவும் ஏறினார். பொழுது சாய்ந்தபின் கண்மாய்க் கரையில், வாடகைக்கு எடுத்த பார் வைத்த ஆண்கள் சைக்கிளில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதலில் குரங்குப் பெடல் அடித்து, முழங்கால் இரண்டும் சிராய்த்து, ஒரு மாதத்தில் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் சிரித்தவர்கள் இருந்தார்கள். அம்மா அதற்குப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தலைச்சுமையாகக் கொண்டுபோன தண்ணீர்க் குடம் கேரியருக்கு மாறியதும், நடக்கும்போது அவருடைய கழுத்தும் முதுகும் வேறு மாதிரி ஆகிவிட்டதைச் சின்னப் பிள்ளையாகிய நான் பார்த்தேன். ஒரு பெண்ணின் உடம்பு புதிதாக ஒன்றைச் செய்யக் கற்றுக்கொள்ளும்போது அவள் நிற்கும் நிலையே மாறுகிறது என்பதை எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவளாக இருந்தும், பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நான் ஒரு தவறு செய்தேன்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம். எட்டாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி, நீ நூறு மீட்டர், நீ நீளம் தாண்டுதல் என்று கைகாட்டிக்கொண்டே போனேன். வரிசையின் கடைசியில் நல்ல உடல்வாகுள்ள ஒரு பெண் நின்றாள். அவளைப் பார்த்து, "நீ குண்டு போடு, உனக்குச் சரியா இருக்கும்" என்றேன். நினைத்துச் சொன்ன சொல் இல்லை. மனதில் இருந்தது குண்டு எறிதல் மட்டும்தான். தமிழில் அந்த இரும்பு உருண்டைக்கும் பருத்த உடம்புக்கும் ஒரே சொல் இருக்கிறது என்பதும், அந்தச் சொல்லையே பட்டப்பெயராக்கி வகுப்பில் அவளைக் கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்கு அந்தக் கணத்தில் உறைக்கவில்லை. வகுப்பு முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் தோள் இரண்டும் மெல்ல உள்ளே மடங்கியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலிருந்தாள். சக ஆசிரியையிடம் சொன்னபோது, "பிள்ளைங்க ரெண்டு நாள்ல மறந்துடுங்க, விடுங்க" என்றார். பிள்ளைகள் மறப்பதில்லை. பதின்மூன்று வயதில் உடம்பைப் பற்றி ஒரு பெரியவர் வாயிலிருந்து விழும் சொல் எத்தனை ஆண்டுகள் கூடவே வரும் என்பதை எந்தப் பெண்ணும் தன் நினைவிலிருந்தே சொல்லிவிடுவாள். எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றியதால், ஒரு வாரம் கழித்து வகுப்பின் முன் நின்று, அன்று நான் பேசியது தவறு, உடம்பைப் பார்த்து ஆளை வகைப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை, என்னை மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அதனால் எதுவும் உடனே சரியாகிவிடவில்லை. வயிற்றுவலி தொடர்ந்தது.

சும்மா உட்கார வைக்க மனமில்லாமல், அளவு நாடாவின் ஒரு முனையையும் தூரம் குறிக்கும் நோட்டையும் அவளிடம் கொடுத்தேன். குண்டு எறிதலில் விதிகள் நிறைய. வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். குண்டு கழுத்தை, தாடைக்கடியை ஒட்டி இருக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் போகக் கூடாது. ஒற்றைக் கையால் மட்டுமே தள்ள வேண்டும். முன்னால் பதித்திருக்கும் மரத் தடுப்பின் உட்பக்கத்தைக் கால் தொடலாம், மேல்பக்கத்தை மிதிக்கக் கூடாது. குண்டு தரையில் விழுந்த பிறகுதான் வட்டத்தை விட்டு வெளியேற வேண்டும், அதுவும் பின்பாதி வழியாக. இவ்வளவையும் அவள் இரண்டே வாரத்தில் என்னைவிடக் கறாராகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் மாலை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எத்தனை முறை எறிந்தும் தூரம் கூடவில்லை. நான் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் இவள் சொன்னாள்: "மிஸ், அக்கா பின்னங்காலத் திருப்பவே இல்ல. அப்படியே நட்டு வச்ச மாதிரி நிக்கிது."

அவள் சொன்னதுதான் சரி. பெயரில் எறிதல் என்றிருந்தாலும் குண்டை யாரும் எறிவதில்லை. தரையைப் பின்னங்காலால் தள்ளி, அந்த விசையை இடுப்பின் திருப்பத்துக்கு ஏற்றி, அங்கிருந்து தோளுக்கும் கடைசியாக விரல்களுக்கும் கடத்துகிறோம். தூரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது கையை விட்டுப் புறப்படும் கணத்தில் குண்டுக்கு இருக்கும் வேகம். கை அந்தப் பயணத்தின் கடைசி நிலையம் மட்டுமே. பருத்த உடம்பு இருந்தால் போதும் என்று நினைத்து அவளைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு அரைகுறையான அறிவு என்பதை அந்தப் பிள்ளையே, தன்னை அறியாமல், எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்று எல்லாரும் போன பிறகு, "நான் ஒருதடவ போட்டுப் பாக்கவா மிஸ்" என்று கேட்டாள். 3 கிலோ குண்டு. ஐந்து மீட்டரைத் தொடவில்லை. கழுத்தில் துருவும் செம்மண்ணும் சேர்ந்து ஒரு வட்டக் கறை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலேயே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் கதை இருக்கட்டும். அவளைப் போன்ற நூறு பேர் மைதானத்துக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மனத்தடை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. என் அனுபவத்தில் பாதிக் காரணம் துணி. நான் படித்த காலத்தில் மேல்வகுப்புக்குத் தாவணி. முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினோம். பிறகு சுடிதாரும் துப்பட்டாவும் வந்தன. துப்பட்டாவுக்கு இரு தோளிலும் இரண்டு ஊக்குகள். ஊக்கு குத்திய பெண் கையை முழுவதுமாகத் தூக்க மாட்டாள், தூக்கினால் துணி கிழியும் அல்லது ஊக்கு குத்தும். கையைத் தூக்காமல் த்ரோபால் ஆடுவது எப்படி? உள்ளாடையைப் பற்றி வகுப்பில் யாரும் பேசுவதில்லை. மார்பகத்துக்குள் தசை கிடையாது. தோலும் மெல்லிய நார்களும்தான் அதைத் தாங்குகின்றன. தளர்ந்த ஷிம்மியோடு ஓடும் பெண்ணுக்கு ஒவ்வொரு அடியிலும் வலிக்கும், வலியைவிட வெட்கம் அதிகமாக இருக்கும். விளையாட்டுக்கென்றே தைத்த உள்ளாடை உலகத்துக்குக் கிடைத்ததே 1977-ல்தான். அமெரிக்காவின் வெர்மான்டில் லிசா லிண்டால், ஹிண்டா மில்லர், பாலி ஸ்மித் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரண்டு உள்ளாடைகளைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். ஆண்களுக்கு அந்தப் பாதுகாப்பு எத்தனையோ காலம் முன்பே கிடைத்துவிட்டது என்பதை அந்த மாதிரியே சொல்கிறது. இன்று எங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் அது கிடைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அம்மாக்களைத் தனியே அழைத்து, எது, எந்த அளவு, ஏன் என்று சொல்கிறேன். முதல் ஆண்டு எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது ஷூ வாங்கச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறேன்.

மாதவிடாயும் அப்படித்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்டில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரே ஒரு கிலோ வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். டோக்கியோவில் 49 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றவர். போட்டி முடிந்ததும், அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் பள்ளியில் அதை நான் வாசித்துக் காட்டியபோது வகுப்பு கப்பென்று அடங்கியது. "அந்த நாள்ல தூக்கலாமா மிஸ்" என்று ஒருத்தி கேட்டாள். முடிந்தால் தூக்கலாம், முடியாவிட்டால் உட்காரலாம், இரண்டையும் நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். அதைச் சொல்வதற்கு முன்னால் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தேன். தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் நின்று பெண்ணுக்குத் தைரியம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று இரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இருநூறு மீட்டர் ஓடியதும் மூச்சிரைத்து உட்காரும் பெண்ணைச் சோம்பேறி என்று அதட்டியிருக்கிறேன். பிறகு அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். வாரம் ஒருமுறை பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைப் பாதிப்பேர் வாயில் ஒதுக்கிக் குழாயடியில் துப்பிவிடுவார்கள், வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும் என்பதால். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கண் முன்னால் விழுங்க வேண்டும், அதையொட்டித் தேநீர் குடிக்கக் கூடாது என்று பழக்கியதில், சில மாதங்களில் பிரேயரில் மயங்கி விழுபவர்கள் குறைந்ததை நானே பார்த்தேன். தன் உடம்பு எதற்கும் லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டிருந்த சில பிள்ளைகளுக்கு உண்மையில் குறைவாக இருந்தது ஹீமோகுளோபின்.

வீட்டிலிருந்து வரும் மறுப்புகளில் எனக்கு அதிகம் வலிப்பது நிறத்தைப் பற்றியது. "வெயில்ல நின்னு கறுத்துப் போயிட்டா, நாளைக்கு யாரு டீச்சர் கட்டிக்குவா?" என்று கேட்கும் அம்மா கெட்டவர் இல்லை, தன் மகளின் நாளையை அவருக்குத் தெரிந்த சந்தையின் கணக்கில் போடுகிறார். பயிற்சி முடிந்ததும் வியர்வை காய்வதற்குள் பிள்ளைகள் பவுடர் பூசிக்கொள்வார்கள். கழுத்து மடிப்புகளில் அது வெள்ளைக் கோடுகளாகத் திரண்டு நிற்கும். திட்டுவதில்லை. காலை ஆறு மணிக்குப் பயிற்சியை மாற்றினேன். அதில் வேறு சிக்கல் வந்தது, தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அந்த நேரத்தில்தான். அண்ணன் தம்பிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பயமும் இன்னும் இருக்கிறது. இதைக் கிராமத்து அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் ஒலிம்பிக்கை நடத்தியவர்களும் ஒரு காலத்தில் இதே பயத்தில்தான் இருந்தார்கள். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்த பெண்கள் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. பெண்ணுடம்புக்கு இந்தத் தூரம் ஆகாது என்று சொல்லி அதை நீக்கிவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் வரை 32 ஆண்டுகள் எந்தப் பெண்ணும் ஒலிம்பிக்கில் அந்தத் தூரத்தை ஓடவில்லை. ஓடிக் களைத்த ஆண் வீரனாகிறான், ஓடிக் களைத்த பெண் நோயாளியாகிறாள்.

அந்த 800 மீட்டரில்தான் எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்றார். நான் பணிக்கு வந்த புதிது. அவருடைய படத்தை நாளிதழிலிருந்து வெட்டிப் பள்ளிச் சுவரில் ஒட்டினோம். சில நாள்களில் பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி ஊரறிய வெளியானது, பதக்கம் பறிக்கப்பட்டது. பிறவியில் தன் உடம்புக்கு அமைந்த ஒரு தன்மைக்காக, எதையும் மறைக்காத ஒரு பெண் உலகத்தின் முன் நிறுத்தப்பட்டார். பின்னாளில், இதே போன்ற காரணத்துக்காகத் தடை செய்யப்பட்ட ஓட்ட வீராங்கனை டூட்டி சந்தால் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், பெண்களின் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஆண்மை இயக்குநீருக்கு வரம்பு வைத்த அன்றைய விதியை 2015-ல் நிறுத்திவைக்கச் செய்ய முடிந்தது. சாந்திக்காக அப்படிப் போராட அன்று எவரும் முன்வரவில்லை. படத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார்கள். கழற்றவில்லை. "அந்த அக்கா தப்பு செஞ்சாங்களா மிஸ்" என்று பிள்ளைகள் கேட்டார்கள், இல்லை என்றேன். அவர் பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். விளையாட்டு பெண்ணுக்கு உடம்பின்மேல் நம்பிக்கை தரும் என்று நான் மனதாரச் சொல்லும்போதெல்லாம் சாந்தியின் நினைவு வந்து என்னைக் கவனமாகப் பேச வைக்கும், ஏனென்றால் அதே விளையாட்டு, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு பெண்ணின் உடம்பைக் கூண்டிலும் ஏற்றும்.

அப்படி ஏற்றாத மேடைகளும் உண்டு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கினார்கள். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். துளசிமதியும் மனிஷாவும் அரையிறுதியில் ஒருவரையொருவர் எதிர்த்தே ஆடினார்கள். ஒரு கை ஒத்துழைக்காத இருவர் வலையின் இரு பக்கமும் நின்று, இருக்கும் கையால் எவ்வளவு முடியும் என்று காட்டிய அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் என் பிள்ளைகளுக்குக் காட்டினேன். போலியோ பாதித்த அக்கா இருக்கும் ஒரு பெண் இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வருகிறேன். எட்டில் அவள் போட்டிக்கு வரவில்லை, வற்புறுத்தவில்லை. ஒன்பதில் தானே பெயர் கொடுத்தாள். அந்த ஆண்டிலிருந்து நான் வரிசையில் நிறுத்திக் கைகாட்டுவதை விட்டுவிட்டேன். முதல் ஒரு மாதம் எல்லாரும் எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும், பிறகு அவரவர் கேட்பதைக் கொடுப்பேன். ஒல்லியான பெண்கள் குண்டைக் கேட்டிருக்கிறார்கள், கனத்த பெண்கள் உயரம் தாண்டியிருக்கிறார்கள்.

குறுவட்டப் போட்டி பக்கத்து ஊர்ப் பள்ளியில் நடந்தது. சுற்றுச்சுவர்மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் "குண்டு எறிதல், பெண்கள்" என்று அறிவித்ததும் சுவரிலிருந்து வழக்கமான சிரிப்பு வந்தது. அவள் வட்டத்துக்குள் போனாள். குண்டைக் கழுத்தில் பதித்து, முழங்கை உயர்த்தி, பின்னங்காலில் எடையை இறக்கினாள். முதல் இரண்டு எறிதல்களில் அவசரத்தில் முன்பக்கமாக வெளியே வந்துவிட்டதால் சிவப்புக் கொடி. விதிகளையெல்லாம் எனக்கே சொல்லிக்கொடுத்த பிள்ளை, அத்தனை கண்களுக்கு முன்னால் ஒரு நொடி கூட நிற்க முடியாமல் ஓடி வந்திருந்தாள். மூன்றாவது முறை குண்டு போன பிறகும் அசையவில்லை. எட்டு மீட்டர் கோட்டைத் தாண்டி அது செம்மண்ணில் விழும்வரை, இரண்டு கால்களையும் ஊன்றி, தோள் விரிந்து, கை நீட்டியபடியே நின்றாள். வெள்ளைக் கொடி உயர்ந்தது. சுவர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி, வட்டத்தின் பின்பாதி வழியாக நடந்து வெளியே வந்தாள்.